'மா': ஒரு வடிவம், பல வரலாறு

நன்னூலார் தொகுத்த 42 ஓரெழுத்தொருமொழிகளுள் 'மா' ஒன்றாகும். தமிழில் இது மாமரம், விலங்கு, குதிரை, பெருமை, இருபதில் ஒரு பங்கு முதலிய பொருள்களைத் தரும். சீனத்தில் தாழ்ந்தெழும் தொனியில் ஒலிக்கும் 'மா'வும் குதிரையையே குறிக்கும். இவ்வொப்புமை ஒன்றைக்கொண்டு இருமொழிகளையும் உறவுடையன எனல் பொருந்துமா?

பழைய வடிவங்களை நோக்கின் விடை புலனாகும். சீனச் சொல்லின் தொன்மை வடிவில் மகரத்தையடுத்து ரகரமும் இருந்தது என்பது அறிஞர்தம் மீட்டுருவாக்கம். இந்தியில் தாயைக் குறிக்கும் 'மா' வடமொழி 'மாதா' என்பதன் திரிபு. 'ஆனால்' எனப் பொருள்படும் இத்தாலிய 'மா', 'மேலும்' எனப் பொருள்படும் இலத்தீன் 'மகிஸ்' என்பதன் தேய்வு. வடமொழி 'மா' விலக்கலை உணர்த்தும். கிரேக்க 'மே' அதன் இனச்சொல். அரபு 'மா'வும் எதிர்மறை உணர்த்துமாயினும் அது செமித்தியக் குடும்பத்தது.

இவை வெவ்வேறு வழிகளில் வந்து ஒரே வடிவில் நின்றவை. சொல் குறுகுந்தோறும் தற்செயல் ஒற்றுமை பெருகும். 1816இல் எல்லிஸ் தென்னிந்திய மொழிகளின் உறவை நிறுவியது ஒற்றைச் சொல்லால் அன்று. வேர்ச்சொற்களை வரிசையாக ஒப்பிட்டமையாலேயே ஆகும். ஒலியொற்றுமை ஆய்வுக்குத் தொடக்கமாகலாம், சான்றாகாது.