ஹஷிமோட்டோ கண்ட கழலை

யப்பான் நாட்டின் கியூஷூத் தீவிலே, ஃபுகுவோக்கா நகரப் பல்கலைக்கழகத்தில் ஹக்காரு ஹஷிமோட்டோ என்னும் இளம் சத்திரவைத்தியர் பணிபுரிந்து வந்தார். கழுத்திலே கழலை கண்ட பெண்கள் நால்வரிடமிருந்து வெட்டியெடுத்த தைரொயிட்டுச் சுரப்பித் துண்டங்களை அவர் நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்கினார். குருதியிலும் நிணநீரிலும் உலாவுதற்குரிய வெண்கலங்கள், சுரப்பியினுள்ளே கூட்டங்கூட்டமாகக் குடியேறியிருக்கக் கண்டார். அதுகாறும் எவரும் வேறுபிரித்துக் கூறாத நோய் அது. 1912ஆம் ஆண்டில் ஜேர்மன் மொழியிலே அதனை விரித்தெழுதினார்.

புகழ் அவரைத் தேடி வரவில்லை. ஜேர்மனி சென்று கற்றவர், முதலாம் உலகப் போர் மூண்டமையால் நாடு திரும்பினார். பிறந்த ஊராகிய இகாவிலே குடும்பத் தொழிலான வைத்தியத்தை மேற்கொண்டார். 1934இல் நெருப்புக்காய்ச்சலுக்கு இரையானார்.

உடலைக் காக்கும் படையே உடலுறுப்பைப் பகையெனக் கொண்டு தாக்குவதால் விளைவது இந்நோய் என்பது, 1956இல் இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் ரொயிட், டொனியாக் முதலியோர் செய்த ஆய்வினால் வெளிப்பட்டது. நோயாளரின் குருதியிலே அவர்தம் தைரொயிட்டுப் புரதத்தையே எதிர்க்கும் பிறபொருளெதிரிகள் இருந்தன.

ஆயின், அதற்கு முந்திய ஆண்டிலேயே வேறோர் ஐயம் கிளம்பியிருந்தது. அமெரிக்காவில் டெயிலி என்பாரும் துணைவரும், வெட்டியெடுத்த சுரப்பிகளிலே இந்நோயும் புற்றும் ஒருங்கே காணப்படுவதை எடுத்துக்காட்டினர். ஒன்று மற்றதை ஈன்றதோ? கழுத்து வீங்கிய ஒரு பெண்ணுக்கு இஃது ஏட்டு வினா அன்று. சுரப்பியை வைத்திருப்பதா, இழப்பதா என்னும் வினா.

சத்திரவைத்தியரின் மேசைக்கு வருவோர் யாவர்? பெரும்பாலும் புற்றென ஐயுறப்பட்டவரே. அவரிடையே புற்று மிகுந்திருத்தல் வியப்போ? பிற்காலத்தில் நுண்ணூசியாற் கலங்களை உறிஞ்சியெடுத்துச் சோதிக்கும் முறை பரவிற்று. சத்திரத்துக்கு உட்படாதோரும் கணக்கில் வரவே, அத்தொடர்பு பல ஆய்வுகளில் மங்கிப்போயிற்று. புற்றை எதிர்க்கவே வெண்கலங்கள் அங்கே திரண்டனவோ என வினவுவோரும் உளர். இரண்டும் சேர்ந்துள்ளவரிடம் பாப்பில்லரி என்னும் வகைப் புற்றின் கொடுமை தணிந்தே காணப்படுகிறதெனப் பல ஆய்வுகள் கூறுவது, அக்கருத்துக்கு ஓரளவு இடந்தருகின்றது.

ஒன்றில் மட்டும் ஐயமில்லை. வெண்கலங்களிலிருந்தே பிறக்கும் தைரொயிட்டு நிணநீர்ப் புற்று, பெரும்பாலும் ஹஷிமோட்டோ கண்ட நோயுள்ள சுரப்பியிலேயே தோன்றுகின்றது. மிக அரிதானது அது. எனினும், பல்லாண்டு அடங்கிக் கிடந்த கழலை சில வாரங்களிலே விரைந்து பெருக்குமாயின், வைத்தியர் தாமதியாது அதிலிருந்து ஒரு துளியையோ துண்டையோ எடுத்துச் சோதிப்பது அதனாலேதான்.