மலைநாட்டு உல்லாசப் பயணமும் மறக்கப்பட்ட வரலாறும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவில் 'வசந்தகாலம்' ஆரம்பமாகிவிடும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகுச் சவாரி என நகரம் களைகட்டும். கொழும்பின் வெக்கைக்குத் தப்பி வருவோரின் வாகனங்கள் எங்கள் ஹட்டனையும் தலவாக்கலையையும் கடந்து வரிசையாக மலையேறும். நுவரெலியாவைக் 'குட்டி இங்கிலாந்து' என்றழைப்பதில் நம்மவர்க்கும் ஒரு பெருமை உண்டு. அப்பெயருக்குப் பின்னால் உள்ள வரலாற்றைச் சற்று நோக்குவது பொருத்தமாகும்.

1819ஆம் ஆண்டு இராணுவ மருத்துவரான ஜோன் டேவி இப்பகுதிக்கு வந்து சென்ற பின்னரே ஆங்கிலேயரின் கவனம் இதன்பால் திரும்பியது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் இங்கு ஓய்வு மாளிகை அமைத்தார். 1848இல் சாமுவேல் பேக்கர் கால்நடைகளையும் கொல்லரையும் குடியானவர்களையும் கப்பலேற்றி வந்து ஓர் ஆங்கிலக் கிராமத்தையே நிறுவ முயன்றார். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி வாவியை உருவாக்கினார். 1876இல் ஹில் கிளப் தோன்றியது. ஊட்டி, சிம்லா போல இதுவும் வெப்பத்துக்கு அஞ்சிய ஆட்சியாளர் தமக்கெனச் சமைத்துக்கொண்ட நகரமே.

ஆனால் சுற்றிலும் உள்ள மலைகளை மாற்றியமைத்தவர்கள் வேறு மக்கள். தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்கள் அவர்கள். காலராவுக்கும் அம்மைக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் பலர். முதலில் கோப்பிக்காகவும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைக்காகவும் காடுகள் அவர்கள் கைகளால் அழிந்தன.

இன்று உலகப் பயணிகள் வியந்து படம்பிடிக்கும் மலைநாட்டு ரயில் பாதையும் உல்லாசத்துக்காக இடப்பட்டதன்று. தோட்ட விளைபொருளைத் துறைமுகம் சேர்க்கவே அது 1867இல் கண்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது.

இந்தப் பாதைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவுசெய்தது. ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்த அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்குமாகப் பிரிந்தனர். தலைமன்னார்க் கப்பலை நோக்கிப் புறப்பட்ட அக்குடும்பங்கள் ரயில் நிலையங்களில் கட்டிப்பிடித்துக் கதறியதைச் சிறுவயதில் கண்டவர்களில் நானும் ஒருவன். எஞ்சிய நாடற்றவரின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஹட்டனிலிருந்து தலவாக்கலை செல்லும் வழியில் டெவன், சென்ட் கிளேயர் நீர்வீழ்ச்சிகளைக் காண வாகனங்கள் நிற்கின்றன. இரண்டுமே துரைமார் காலத்துத் தோட்டப் பெயர்கள். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கிய பின் சென்ட் கிளேயரின் நீர்ப்பெருக்கு பழையபடி இல்லை. சிவனொளிபாத மலைக்குச் செல்வோர் ரசிக்கும் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அடியிலோ பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கின்றது. நீர் வற்றும் காலங்களில் அங்கிருந்த வழிபாட்டிடங்களின் சிதைவுகள் தலைகாட்டுவதுண்டு.

ஹட்டனைப் பயணிகள் பேருந்து மாறும் இடமாகவே அறிவர். பத்திரிகையாளரும் தொழிற்சங்க முன்னோடியுமான கோ. நடேசய்யர் 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவானது இந்த ஹட்டன் தொகுதியிலிருந்துதான். தோட்டத்துக்குள் வெளியார் நுழைவதே குற்றமாகக் கருதப்பட்ட காலத்தில் தொழிலாளரைத் தேடிச் சென்றவர் அவர். என் போன்ற பேனா பிடித்தவர்களுக்கு அவர் பெரும் முன்னோடி.

துரைமாரின் பங்களாக்கள் பல இன்று ஆடம்பர விடுதிகளாகி, அவற்றின் வரலாறு விருந்தினருக்கு அழகாக எடுத்துரைக்கப்படுகின்றது. அவற்றுக்குக் கீழே உள்ள லயங்களில் ஐந்து தலைமுறையாக வாழ்வோரின் வரலாற்றை எடுத்துரைப்பார் எவருமில்லை. முதியோர் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் தத்தம் தோட்டத்து முதியவர்களின் நினைவுகளை மாணவரைக் கொண்டு எழுதிவைத்தால், நாளை வரும் பயணிக்கு நீர்வீழ்ச்சியோடு சேர்த்துக் காட்ட நம்மிடமும் ஏதேனும் இருக்கும். இதற்கு அரசாங்கத்தின் அனுமதியும் தேவையில்லை, பெரும் பணமும் தேவையில்லை.