தொழிற்பேட்டை இளைஞனும் திரை இளைஞனும்

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே செல்லும் கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் ஷிப்டு முடிந்து திரும்பும் இளைஞர்களைப் பார்த்தவர்கள், அவர்களது கைகளில் ஒளிரும் சிறுதிரைகளையும் பார்த்திருப்பார்கள். எண்ணெய்க் கறை முழுதும் போகாத விரல்கள் செல்பேசியை ஏந்தியிருக்கும். அதில் ஏதோ ஒரு படத்தின் நாயகன் பேசிக்கொண்டிருப்பான். அந்த நாயகனுக்கும் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கும் என்ன உறவு?

சினிமா சமூகத்தின் கண்ணாடி என்பது தேய்ந்துபோன வாசகம். கண்ணாடி எதிரில் நிற்பதைக் காட்டும். தமிழ் வெகுசன சினிமாவோ பெரும்பாலும் இளைஞன் போய்ச்சேர விரும்பிய இடத்தையே காட்டிவந்திருக்கிறது. அவன் நின்ற இடத்தின் வரலாற்றை அருகில் வைத்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

திருவள்ளூர் மாவட்டம் 1997ல் உருவானது. அப்பகுதியின் தொழில் வரலாறு அதைவிட மூத்தது. 1949ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை வந்தது. அறுபதுகளில் அங்கே அரசின் தொழிற்பேட்டையும், ஆவடியில் ராணுவத்துக்கான கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அமைந்தன. 1971ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம், பின்னர் ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டியில் ஒரு வளாகத்தை நிறுவியது. ஏரிப்பாசன வயல்களுக்கு அருகே உருக்காலைகளும் வார்ப்படச் சாலைகளும் ரசாயன ஆலைகளும் எழுந்தன.

இந்தத் தொடக்கக் காலத்தில் திரையும் தொழிலாளியை விரும்பியது. 1964ல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தின் பெயரே 'தொழிலாளி'. உழைப்பவன் என்பது அன்று ஒரு நாயகனுக்குப் பெருமை தரும் அடையாளம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கேள்வி மாறுகிறது. கே. பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' 1980ல் வெளிவந்தது. டில்லியில் வேலை தேடி அலையும் படித்த இளைஞர்கள், வீட்டில் சோறு இல்லாதபோதும் விருந்து உண்பதுபோல் ஓசை எழுப்பி நடிக்கும் காட்சியை யாரும் மறந்திருக்க முடியாது. அதன் நாயகன் இறுதியில் முடிதிருத்தும் தொழிலை ஏற்று, அதில் வெட்கமில்லை என்று நிமிர்கிறான். அடுத்த ஆண்டு வந்த 'பாலைவனச்சோலை'யில் வேலையற்ற நண்பர்கள் தெருமுனையில் பொழுதைக் கழிக்கிறார்கள். 'வேலை கிடைக்குமா?' என்பதே அந்தத் தலைமுறையின் கேள்வி. வேலை என்றால் நிரந்தர வேலை என்றே பொருள். அதே 1981ல் தமிழக அரசு இயற்றிய ஒரு சட்டம், 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்றது. திரையில் ஏக்கமாக இருந்தது சட்டத்தில் உரிமையாயிற்று.

1992ல் ரஜினிகாந்த் நடித்த 'மன்னன்', ஆலை வாசலைப் பெரிய நாயகனுக்கான களமாக வைத்த பிற்காலப் படங்களில் முக்கியமானது. தொழிற்சங்கத் தலைவன் முதலாளியம்மாவையே மணக்கிறான். முரண்பாடு குடும்பக் கதையாகக் கரைந்து, கடைசியில் அவள் இல்லத்தரசியாகிறாள். தாராளமயக் கொள்கை வந்து அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அதன் பிறகு ஆலை மெல்ல மெல்லத் திரையின் பின்னணிக்கு நகர்ந்தது.

2000ல் வந்த மணிரத்னத்தின் 'அலைபாயுதே'யில், புறநகர் ரயிலில் காதல்கொள்ளும் நாயகன் நண்பர்களோடு மென்பொருள் நிறுவனம் தொடங்குகிறான். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குள்ளேயே லேத் பட்டறைகளுக்கு அருகில் மென்பொருள் வளாகங்கள் எழுந்ததும் அந்தப் பத்தாண்டுகளில்தான். இந்தப் புதிய வருமானம் உண்டாக்கிய பிளவைக் கோபத்தோடு பேசியது 2007ல் ராம் இயக்கிய 'கற்றது தமிழ்'. 2014ல் 'வேலையில்லா பட்டதாரி' வந்தபோது கேள்வி மறுபடியும் மாறிவிட்டிருந்தது. கட்டடப் பொறியியல் படித்த அதன் நாயகன், 'படித்த படிப்புக்கு உரிய வேலை கிடைக்குமா?' என்று காத்திருக்கிறான். 1980ன் நாயகன் எந்த வேலையிலும் மானம் உண்டு என்றான். 2014ன் நாயகன் தன் வேலைதான் தன் மானம் என்கிறான். எண்பதுகளின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிதிறந்ததன் அறுவடை என்று இந்த மாற்றத்தைச் சொல்லலாம்.

அதே ஆண்டில் வந்த பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' இன்னும் நுட்பமானது. திருவள்ளூர் ரயில் கடந்துசெல்லும் வியாசர்பாடியின் குடியிருப்பில் வாழும் காளி, ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். சுவர் அரசியலின் வன்முறை அவனை விடவில்லை. ஆயினும் அந்த வேலையே ஒரு தலைமுறைத் தாண்டல்.

இத்தனை நாயகர்களுக்கு நடுவே ஒருவன் மட்டும் விடுபட்டுப்போனான். ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ முடித்து, கும்மிடிப்பூண்டியில் கான்ட்ராக்ட் தொழிலாளியாகவோ 'டிரெய்னி'யாகவோ இருப்பவன். 480 நாள் கணக்கு நிறைவதற்குள் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு நகர்த்தப்படுகிறவன். அவன் பக்கத்தில் இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவன் அதே உலையருகே நிற்கிறான். இவர்களுக்கு வேலை உண்டு. வேலைக்கு நாளை இல்லை. வேலையற்றவனின் பசியையும் படித்தவனின் கோபத்தையும் சொல்லத் தெரிந்த சினிமாவுக்கு இந்த நடுநிலையின் மொழி இன்னும் கைவரவில்லை.

இங்கிலாந்தில் 1960லேயே 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' என்ற படம், நாட்டிங்காம் சைக்கிள் ஆலையில் லேத் ஓட்டும் ஓர் இளைஞனை நாயகனாக்கியது. அவன் சங்கத் தலைவனுமில்லை, தியாகியுமில்லை. வாரக் கூலி வாங்குகிறான், குடிக்கிறான், எரிச்சல்படுகிறான். அவ்வளவுதான். அம்பத்தூரிலும் சைக்கிள் ஆலை இருந்தது, லேத்தும் இருந்தது, எரிச்சல்படும் இளைஞர்களும் இருந்தார்கள்.

நம் நாயகர் வரிசையை வைத்து நம் இளைஞர்களின் வரலாற்றை எழுதப்போகும் ஒருவர், கால் நூற்றாண்டாக அவர்களில் பெரும்பாலோர் கணினியின் முன் அமர்ந்திருந்ததாக நம்பிவிடக்கூடும். அவர் ஒருமுறை கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறிப் பார்க்கவேண்டும். படத்தை மட்டும் பார்க்காமல், அதைப் பார்த்துக்கொண்டிருப்பவனின் விரல்களையும் பார்க்கவேண்டும்.