திட்டமிட்டுப் பிறந்த திகில்

மலாக்கா மாநிலத் தோட்டங்களில் திரைப்படம் பார்ப்பது ஒரு காலத்தில் திடலில் நடந்த திருவிழாவாகும். இரண்டு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணி கட்டப்படும். பொழுது சாயும் முன்பே லயத்துப் பிள்ளைகள் பாயும் சாக்கும் விரித்து இடம் பிடித்துக்கொள்வர். அண்டைத் தோட்டங்களிலிருந்து சைக்கிளில் வந்தோர், துணியின் மறுபுறம் நின்றும் படம் பார்ப்பர். காதல் படமும் பக்திப் படமும் அத்திடலோடு முடிந்துவிடும். மர்மப் படமோ, ஆட்டம் கலைந்தபின் இருண்ட செம்மண் சாலையில் வீடு திரும்புவோருடன் கூடவே வரும். பால்மர நிரைகளுக்கு இடையே சருகு சலசலத்தாலும் நெஞ்சு திடுக்கிடும்.

அந்த அச்சம் எங்கிருந்து பிறந்தது? இருட்டிலிருந்து என்பார் சிலர். இசையிலிருந்து என்பார் வேறு சிலர். பெரும் பொருட்செலவே காரணம் என்பாரும் உளர். திரைப்பட வரலாற்றைப் புரட்டினால் வேறு விடை கிடைக்கிறது. நல்ல மர்மப் படத்தின் திகில், படப்பிடிப்புக் கருவி இயங்குவதற்கு நெடுநாள் முன்பே தாளில் எழுதப்பட்டுவிடுகிறது. தேடலும் திட்டமுமே அதன் தாயும் தந்தையும். தமிழில் இதனை மெய்ப்பித்தவர்கள் திரைப்படக் கல்லூரியில் பயின்ற இளைஞர்கள் என்பது மாணவர் உலகம் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும்.

வரலாற்று நாளில் ஒரு கொலை

அவர்களுக்கு முன்னோடியாக நிற்பது 1954ஆம் ஆண்டில் ஏவி.எம். நிறுவனம் வெளியிட்ட 'அந்த நாள்' என்னும் படம். வீணைக் கலைஞராகவும் புகழ்பெற்ற எஸ். பாலச்சந்தர் இதனை இயக்கினார். ஜாவர் சீதாராமன் திரைக்கதை உரையாடல் எழுதினார். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தனர். படத்திற்குப் பத்துப் பாட்டாவது வேண்டும் என்றிருந்த அக்காலத்தில், ஒரு பாட்டும் நடனமும் இல்லாமல் இது வந்தது. முதலில் மக்கள் இதனைப் பெரிதாக வரவேற்கவில்லை. ஆயினும் காலம் செல்லச் செல்ல இதன் மதிப்பு உயர்ந்தது.

1943ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானியர் சென்னை மீது குண்டு வீசினர். அந்நாள்களையொட்டித்தான் கதையில் வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஐயத்திற்கு ஆளானோர் ஆளுக்கொரு கதை சொல்கின்றனர். கொலை கற்பனை; நாளோ வரலாறு. ஊரே அஞ்சி நடுங்கிய உண்மையான ஒரு நாளைத் தேர்ந்தமையால், படத்தின் அச்சம் பாதி வேலையை முன்னரே முடித்துக்கொண்டது. பின்னணியைத் தேடிக் கண்டடைவதன் பயன் இதுவே.

மாணவர் படைத்த மர்மம்

சென்னையில் 1945ஆம் ஆண்டு முதல் ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் முறையாகக் கற்பிக்கப்பட்டு வந்தன. அப்பிரிவே பின்னர்த் தனிப் பயிலகமாக வளர்ந்து, இன்று எம்.ஜி.ஆர். பெயர் தாங்கிய அரசு நிறுவனமாகத் தரமணியில் நிலைபெற்றுள்ளது. அங்குப் பயின்று வந்தோரைக் கோடம்பாக்கம் நெடுங்காலம் நம்பவில்லை. ஏட்டறிவு உண்டு, மக்கள் சுவை தெரியாது என்று ஒதுக்கியது. அங்குப் பயின்ற ருத்ரய்யா 1978இல் 'அவள் அப்படித்தான்' படத்தை அளித்துச் சிந்திப்போரின் பாராட்டைப் பெற்றார். எனினும் அரங்கு நிறைந்த வெற்றி எட்டவில்லை.

1986 ஆகஸ்டு 15ஆம் நாள் 'ஊமை விழிகள்' வெளிவந்தது. கதை எழுதித் தயாரித்தவர் ஆபாவாணன், இயக்கியவர் ஆர். அரவிந்த்ராஜ். இருவரும் திரைப்படக் கல்லூரியின் பிள்ளைகள். விஜயகாந்த், ஜெய்சங்கர், ரவிச்சந்திரன், கார்த்திக், சரிதா, அருண்பாண்டியன் என நடிகர் பட்டியல் நீண்டது. இந்நாட்டிலிருந்து சென்று பாட்டால் புகழ்பெற்ற மலேசியா வாசுதேவனும் அதில் ஒரு வேடம் ஏற்றார். பெண்கள் ஒவ்வொருவராக மறைகின்றனர். நாளேட்டுச் செய்தியாளர்கள் உண்மையைத் தேடுகின்றனர். காவல்துறை அதிகாரி தீனதயாளன் புலனாய்கிறார். இளைஞர் முயற்சி என்று எள்ளியவர்கள் வாயடைக்கும் வண்ணம் படம் பெருவெற்றி கண்டது. அதன்பின் திரைப்படக் கல்லூரியினருக்குக் கோடம்பாக்கத்தின் கதவுகள் அகலத் திறந்தன.

இவ்வெற்றியின் அடிப்படை யாது? பரந்த 'சினிமாஸ்கோப்' திரையை அவர்கள் தேர்ந்தனர். தமிழில் 1973ஆம் ஆண்டின் 'ராஜராஜ சோழன்' அத்திரையை முதலில் அரண்மனைகளுக்குப் பயன்படுத்தியது. மாணவர்களோ வெறுமையைக் காட்ட அதனைப் பயன்படுத்தினர். உயரத்தைப் போல் இரண்டே கால் மடங்கினும் அகன்ற சட்டத்தில் ஒரு பெண் தனியே நின்றால், அவளைச் சுற்றியுள்ள வெற்றிடமே அச்சுறுத்தும். அத்திரைக்குரிய வில்லைகளுக்கு மிகுந்த ஒளி வேண்டும். குவியம் சிறிது தவறினாலும் உருவம் மங்கும். ஆகவே, இரவுக் காட்சிகளில் விளக்கு நிற்குமிடமும் நடிகர் நிற்குமிடமும் முன்கூட்டியே அளந்து வகுக்கப்பட வேண்டியவை. படச்சுருளும் மலிவன்று. நிமிடத்திற்குத் தொண்ணூறு அடி ஓடும் சுருளில், ஆயிரம் அடி பதினொரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். எண்ணாமல் எடுப்பவரை அச்செலவே வீழ்த்திவிடும்.

தாளில் தொடங்கும் அச்சம்

வினைசெயல்வகை கூறவந்த வள்ளுவப் பெருந்தகை, செலவிடும் பொருள், கையாளும் கருவி, ஏற்ற காலம், செய்யும் வினை, உரிய இடம் ஆகிய ஐந்தையும் ஐயமற எண்ணிய பின்பே செயலில் இறங்கவேண்டும் என்றார். படமெடுப்போர்க்கு இதனினும் சிறந்த பாடத்திட்டம் இல்லை.

மேனாட்டாரும் இவ்வழியே சென்றனர். செருமானிய இயக்குநர் பிரிட்ஸ் லாங், குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றி 1931இல் 'எம்' என்ற படத்தை உருவாக்கினார். அதில் கைரேகை ஆய்வு, வீடு வீடான சோதனை, வரைபடத்தில் வட்டமிட்டுத் தேடுதல் ஆகிய காவல்துறை நடைமுறைகளே கதையை நகர்த்துகின்றன. ஆல்பிரட் ஹிட்ச்காக் 1960இல் 'சைக்கோ' படத்தில் காட்டிய குளியலறைக் கொலை, திரையில் ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. அதனைப் படமாக்க ஏழு நாள் ஆயிற்று. ஒவ்வொரு கோணமும் முன்னரே படமாக வரையப்பட்டிருந்தது. கத்தி உடலில் பாய்வதைப் பார்த்ததாகவே மக்கள் நம்பினர். உண்மையில் அவர்கள் பார்த்தது கவனமாக வெட்டி ஒட்டப்பட்ட துண்டுகளின் வரிசையே.

மலாக்கா மண்ணில் மறைந்திருப்பவை

இந்நாட்டில் உருவான முதல் தமிழ்ப் படமாகக் குறிக்கப்பெறும் 'ரத்தப் பேய்' 1960களின் இறுதியில் வந்தது. பெயரே கூறுவது போல் அதுவும் அச்சமூட்டும் படமே. 2005இல் தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' தோட்ட வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்திற்கான விருதை வென்றது. இன்று கைப்பேசியே படக்கருவியாகிவிட்டது. பொருளும் கருவியும் மாணவர் கைக்கு எட்டிவிட்டன. எஞ்சுவன காலமும் இடமும் வினையுமே. இவை மூன்றும் மலாக்காவில் கொட்டிக் கிடக்கின்றன.

1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டமாக அது கூறப்படுகிறது. புக்கிட் அசகானில் அவர் முயற்சி மேலும் விரிந்தது. பின்னர் இம்மாநிலத்து லயங்கள் தமிழரால் நிறைந்தன. 1942 ஜனவரியில் ஜப்பானியர் மலாக்காவைக் கைப்பற்றினர். சயாம் – பர்மா இரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளத்திற்கு 1943க்குள் அமைக்கப்பட்டபோது, மலாயாத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பெருந்தொகையினர் மீளவில்லை. எந்தக் காட்டில் எந்த நாளில் இறந்தனர் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. சென்னையில் குண்டு விழுந்த அதே நாள்களில், இங்கு எத்தனையோ 'அந்த நாள்'கள் எழுதப்படாமல் கடந்தன. தொடர்ந்து 1948 முதல் 1960 வரை அவசரகாலம் வந்தது. ஊரடங்கும் சோதனையும் ஐயப்பார்வையும் லயத்து வாசலில் நின்றன.

தோட்டத்து நடைமுறையை அறிந்தால் மர்மக் கதையின் முடிச்சே கிடைத்துவிடும். ஓர் எடுத்துக்காட்டு காண்க. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும்; ஆதலின் விடியுமுன் நெற்றி விளக்குடன் பால்வெட்டு தொடங்கும். மழையில் பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. அன்றாட வருகை செக்ரோலில் பதிவாகும்; பால் கொட்டகையில் ஒவ்வொருவர் பாலும் நிறுக்கப்பட்டுக் கிராணியின் கணக்கில் ஏறும். கொலை நடந்த காலையில் தான் பால் வெட்டிக்கொண்டிருந்ததாக ஒருவன் கூறுகிறான். அன்று விடியும்வரை மழை பெய்ததென்று பழைய செக்ரோல் கூறினால் அவன் பொய் வெளிப்பட்டுவிடும். துப்பாக்கி வேண்டா, துரத்தல் வேண்டா. ஒரு பழுப்பேறிய தாளே திகிலைத் தந்துவிடும். இதை அறியாமல் நண்பகலில் பால் வெட்டுவதாகக் காட்டும் படத்தை எந்தத் தோட்டத்துப் பாட்டியும் நம்பமாட்டார்.

ஆகவே, மாணவர் குழு முதலில் நாடவேண்டியது முதியோரையே. 1924இல் தொடங்கி 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்' போன்ற நாளேடுகளின் பழைய இதழ்களையும் தேசிய ஆவணக் காப்பகத்தையும் அடுத்து நாடலாம். கேட்டறிந்ததை நாளிட்டு எழுதுதல், இடத்தை நேரில் கண்டு வரைபடமாக்குதல், நிலத்துக்குரியோரின் இசைவு பெறுதல், துயருற்ற குடும்பங்களின் பெயரைக் காட்டாது மறைத்தல் ஆகியவை படப்பிடிப்புக்கு முந்திய கடமைகள்.

காலமோ காத்திராது. ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனையும், செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்துவிட்டன. லயத்தில் வாழ்ந்தோர் ஜாசின், அலோர்காஜா, மலாக்கா நகரக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தனர். செக்ரோல் எழுதிய கிராணியும், விடியலில் பட்டை வெட்டக் கோணம் பார்த்த பால்வெட்டுக்காரரும் எண்பதைக் கடந்து வருகின்றனர். ஊமை விழிகளின் இளைஞர் சென்னையில் செய்து காட்டியதை மலாக்கா மாணவரும் செய்ய இயலும். குறிப்பேட்டுடன் அவர்கள் முதலில் சென்று அமரவேண்டிய இடம், பாட்டன் பாட்டி உறங்கும் திண்ணையின் ஓரமே. அவர்கள் கண் மூடிவிட்டால், எழுதப்படாத அந்த நாள்களைக் கேட்டறிய வேறு இடமில்லை.