8139: ஒரு மலிவு லேன் கார்டின் கதை

2000 ஜூலையில் திருவான்மியூரை ஒட்டி டைடல் பார்க் திறந்தபோது, பக்கத்துத் தெரு வீடுகளில் இணையம் என்றால் டயல்-அப்தான். லேன் கார்டெல்லாம் ஆபீஸ் சாமான். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்த பிறகுதான், அந்த 256 கேபிபிஎஸ் மோடத்தை இணைக்க வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அது தேவைப்பட்டது. ரிச்சி தெருவில் போய் "சல்லிசா ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டால், கையில் கிடைப்பது பெரும்பாலும் ரியல்டெக் 8139 சில்லு வைத்த கார்டு.

மலிவுக்குக் காரணம் உண்டு. நல்ல கார்டுகள் தாமே செய்துகொள்ளும் வேலையை இது டிரைவர் தலையில் கட்டிவிடும். வரும் பாக்கெட்டெல்லாம் ஒரே வளையத்தில் வந்து விழும். ஒவ்வொன்றையும் டிரைவர்தான் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீபிஎஸ்டிக்கு இதன் டிரைவரை எழுதிய பில் பால், மூலநிரலின் குறிப்பிலேயே இந்தச் சில்லைக் கழுவி ஊற்றியிருக்கிறார். தேடிப் படியுங்கள், சிரிப்பு வரும்.

விண்டோஸ் 98-இல் டிரைவர் சிடி தொலைந்தால் கார்டும் போனமாதிரிதான். எக்ஸ்பி தன்னுடனேயே டிரைவரைக் கொண்டுவந்தது. லினக்ஸ் போட்டவர்களுக்கு வேறு மாதிரி வம்பு: கார்டு இருப்பது தெரியும், ஆனால் நெட்வொர்க் வராது. கார்டில் பழுதே இல்லை. 8139சி, 8139சி பிளஸ் என்று இரண்டு வகைச் சில்லுகள். இரண்டும் கம்ப்யூட்டரிடம் சொல்லும் அடையாள எண் ஒன்றே. பதிப்பு எண் மட்டும் வேறு. அது பதினறும முறையில் 20 என்றிருந்தால் 8139டூ என்ற டிரைவர் ஒதுங்கிக்கொண்டு, '8139சிபி-யைப் போடு' என்று கர்னல் பதிவில் எழுதிவைக்கும். அந்த ஒற்றை வரியைப் பார்க்காமல் கார்டையே மாற்றுவதுதான் வீண்செலவு.

இந்த டிரைவரின் பூர்வீகம் நாசா! 1994-இல் கோடார்ட் மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் கடையில் கிடைக்கும் 16 '486' கம்ப்யூட்டர்களை இணைத்து பியோவுல்ஃப் என்ற கூட்டுக் கணினியைக் கட்டினார்கள். ஒரு ஈதர்நெட்டின் வேகம் பிராசஸருக்குப் போதவில்லை. போக்குவரத்தை இரண்டு ஈதர்நெட்டுகளில் பிரித்து அனுப்ப, பெக்கர் டிரைவர்களைத் திருத்தி எழுதினார். அப்படியே கார்டு கார்டாக டிரைவர் எழுதிக்கொண்டே போனார், 8139-க்கும் எழுதினார். அதை வைத்துத்தான் ஜெஃப் கார்சிக் 8139டூ-வை உருவாக்கினார். மூலநிரல் திறந்திருந்ததால் சிடியைத் தேடும் வேலையே இல்லாமல் போனது.

கார்டுகள் காயலான் கடைக்குப் போய்விட்டன. ஆனால் கியூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் இன்றும் 8139 போலவே நடிக்கும். அதற்குள் லினக்ஸ் போட்டுப் பாருங்கள், பதிப்பு எண் அதே 20.