விடுபட்ட இழை

எண்ணியல் பேசுவதற்குக் கப்பலூர்க்காரர் கேம்பிரிட்ஜ் போக வேண்டியதில்லை. கருமுத்து தியாகராசர் 1936-இல் நிறுவிய ஆலையால் பெயர் பெற்ற ஊர் இது. 40-ஆம் நம்பர் நூல் என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 40 சிட்டம் என்பது நூற்பாலைக் கணக்கு. ஒன்றரை கெஜச் சுற்றளவுள்ள சட்டத்தில் 80 சுற்று சுற்றினால் 120 கெஜம்; அது ஒரு லீ. ஏழு லீ ஒரு சிட்டம், அதாவது 840 கெஜம்.

ஆயிரத்தை மீதியின்றி வகுக்கும் எண்கள் 16. அதனினும் சிறிய 840-க்கோ 32. தனக்குக் கீழுள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுஎண்களைக் கொண்ட இத்தகைய எண்ணை ‘மிகு பகு எண்’ என்பர். 120-உம் இந்தக் குலமே.

இக்குலத்தின் வரலாற்றை எழுதியவர் ஈரோட்டில் பிறந்த சீனிவாச ராமானுஜன். 1915-இல் லண்டன் கணிதக் கழக வெளியீட்டில் வந்த அக்கட்டுரையே மறு ஆண்டு அவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டத்தைப் பெற்றுத் தந்தது. 6746328388800 வரை நூற்றுக்கும் மேற்பட்ட மிகு பகு எண்களை அதில் அட்டவணையிட்டார். விடுபட்டது ஒன்றே ஒன்று: 293318625600.

சொல்லிப் பார்த்தால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, 11, 13, 17, 19 ஒவ்வொன்றும் ஒரு முறை. பகா எண் பெருகப் பெருக அடுக்கு ஏறுவதே இல்லை. ஏறினால் அடுக்குகளை இடம் மாற்றி, அதே அளவு வகுஎண்களோடு இன்னும் சிறிய எண்ணைப் படைத்துவிடலாம். அப்போது மிகு பகு எண் என்ற பட்டம் போய்விடும்.

அடுக்குகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை வரும்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. 11 முதல் 19 வரையுள்ள நான்கு பகா எண்களை நீக்கினால் எஞ்சுவது 2520-இன் வர்க்கம். 2520 என்பது 1 முதல் 10 வரை எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண். 5040-உம் 2520-உம் மிகு பகு எண்களே. பெரிய வீட்டுக்குள் உறவினர் கூட்டம்!

1 முதல் 22 வரை எதனாலும் மீதியின்றி வகுபடும் அந்த விடுபட்ட எண், 23-இல் நின்றுவிடுகிறது. வரிசையில் இதற்கு முன்னுள்ள 240940299600-க்கு 4800 வகுஎண்கள். பின்னுள்ள 321253732800-க்கு 5376. அவை இரண்டிலும் 7 ஒரு முறையே வரும், 23 உண்டு. நடுவில் இருப்பது மட்டும் 23-ஐ விட்டு, 7-ஐ இரட்டித்துக்கொண்டது. அதனால்தான் கண்ணுக்குத் தப்பியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறுந்த இழையைத் தேடி ஒட்டிப் பழகிய ஊருக்கு ஒன்று தெரியும்: பக்கத்து இழைகளின் போக்கை மட்டும் பார்த்து நடு இழையை ஊகிக்கக் கூடாது.