நகரத்து வெள்ளமும் தோட்டத்து மலையும்: களு கங்கைப் படுகை பற்றிய ஓர் ஆராய்ச்சி

இரத்தினபுரி நகரத்தின் வெள்ள அபாயத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் களு கங்கையின் நீர்மட்டம் ஒன்றையே பிரமாணமாகக் கொண்டு, அணை, கரைக்கட்டு, முன்னெச்சரிக்கை ஆகிய உபாயங்களை ஆராய்ந்து முடிவு கூறிவிடுகின்றனர். அந்நீர் எம்மலைகளிலிருந்து, எவருடைய குடியிருப்புகளைக் கடந்து வருகின்றது என்னும் வினா அவ்விசாரணையில் எழுவதே அரிது. நகரத்து வெள்ளமும் அம்மலைகளிலுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் மண்சரிவும் ஒரே மழையின் இரு காரியங்களாதலால், முன்னதை அரசாங்கத்தின் கடமையாகவும் பின்னதைத் தோட்ட நிர்வாகத்தின் கவலையாகவும் பிரித்துவைத்திருக்கும் ஏற்பாடு பூமியின் இயல்புக்கும் நியாயத்துக்கும் ஒவ்வாதது என்பதே எமது அபிப்பிராயம்.

சிவனொளிபாத மலைச் சாரலில் ஏறக்குறைய 2,250 மீற்றர் உயரத்தில் உற்பத்தியாகும் களு கங்கை, முதல் 36 கிலோமீற்றருக்குள்ளாகவே இரத்தினபுரித் தாழ்நிலத்துக்கு இறங்கிவிடுகின்றது. அங்கிருந்து களுத்துறையிற் கடலோடு கலக்கும்வரை அதற்குச் சரிவே இல்லையெனலாம். மலையிலிருந்து பாய்ந்துவரும் பிரவாகம் சமநிலத்தை அடைந்ததும் வேகங் குன்ற, நகரத்தருகே வே கங்கையும் வந்து கூட, வடிய வழியின்றி நீர் தேங்கி, பட்டினமே சில தினங்களுக்கு ஓர் ஏரியாகிவிடுகின்றது. ஊருக்குப் பெயர் தந்த இரத்தினங்கள் புதைந்துகிடக்கும் ‘இல்லம்’ என்னும் சரளைப் படுகையும் பூர்வத்தில் ஆறுகள் இவ்வாறு கொணர்ந்து படியவைத்ததுதான். வெள்ளத்தின் கொடையை அகழ்ந்தெடுத்துக்கொண்டே வெள்ளத்தை மட்டும் வேண்டாமென்பது மனித சுபாவம் போலும். நீர் தங்குதற்கிருந்த வயல்களும் சதுப்புகளும் மண்ணிட்டு நிரப்பப்பட்டு மனைகளானது அபாயத்தை மேலும் வளர்த்தது.

1947 ஆம் ஆண்டின் பெருவெள்ளமும், 2003 மே 17 இல் இரத்தினபுரி மாவட்டத்தை அழித்த வெள்ளமும் மண்சரிவுகளும், 2017 மே மாதத்து வெள்ளமும் சரித்திரத்திற் பதிந்தவை. பட்டினத்தாருக்கு ஒரு பரிகாரம் கிட்டியது: பழைய நகருக்கு அப்பால் மேட்டுநிலத்திற் புதிய நகரம் எழுந்தது. தாழ்நிலத்தான் மேட்டுக்கு ஏறலாம். ஏற்கெனவே மேட்டில் இருப்பவன் எங்கே ஏறுவது?

சப்பிரகமுவத் தோட்டங்களில் லயன்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகள் பல, மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒடுங்கிய தட்டுகளிலே, பின்சுவருக்கும் வெட்டுமண்ணுக்கும் இடையே ஒரு கான் ஓடுமளவே இடம்விட்டுக் கட்டப்பட்டவை. அக்கானைப் பருவந்தோறும் வெட்டித் துப்புரவாக்குதல் முன்னர்த் தோட்டத்து வேலைகளில் ஒன்றாயிருந்தது. ஆட்குறைப்பும் செலவுச்சிக்கனமும் அவ்வேலையைத் தின்றுவிட்டபின், கானிற் படிந்த மண்ணும் சருகும் நீரைத் தடுத்துச் சுவரடியிற் சுவறச் செய்கின்றன. காம்பரா என்னும் வீட்டறையின் நிலத்தில் ஈரங் கசிவதும், ஸ்தோப்பு என்னும் முன்தாழ்வாரத்தில் மயிரிழைபோல் வெடிப்புத் தோன்றுவதும், தெளிந்தோடிய ஊற்று திடீரெனக் கலங்குவதும் மலை அசையத் தொடங்கியதன் இலட்சணங்கள் என்பதை அங்கு வாழ்வோர் அறிவர். அறிந்தும் அவர்கள் போவதற்கு இடமில்லை. 2016 மே 17 இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து மூன்று கிராமங்களை மூடிய அதே நாளிலே, புளத்கொஹுபிட்டியவின் களுபஹனத் தோட்டத்தில் லயன் வீடுகளும் மண்ணுக்குள் போயின.

இடமின்மைக்குக் காரணம் சட்டம். 1970களிற் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகிய தோட்டங்கள் 1992 முதற் கம்பெனிகளின் நிர்வாகத்துக்கு மாறினாலும் நிலம் அரசின் சொத்தாகவே நின்றது. லயனில் தலைமுறைகளாக வாழ்ந்தவருக்கு அதில் உரிமையில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்து 33 ஆம் பிரிவு, 2018 இல் திருத்தப்படும்வரை, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைத் தாராளமாகச் செலவிட இடங்கொடுக்கவில்லை. 2003 ஆம் ஆண்டு மே மாதத்தில் வெள்ளம் வந்தபோது லயன்வாசிகளுட் பலர் பிரஜைகளாகக்கூட இருக்கவில்லை. பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே நிறைவேறிற்று. பின்னர் வந்த, தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் காணி வழங்கும் திட்டம் நல்ல ஆரம்பமே. ஆயினும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தகுதியென ஏற்கத்தக்க பத்திரமான நிலம் பெரும்பாலும் விளைச்சல் தரும் தேயிலையின் கீழோ இறப்பரின் கீழோ இருப்பதால், கம்பெனிகள் அதை விட்டுக்கொடுக்கத் தயங்குகின்றன.

இரத்தினபுரி நகரைக் காக்க, அதற்கு மேலே களு கங்கையோரத்து மல்வலையில் நீர்த்தேக்கம் அமைத்தல் வேண்டுமென்ற யோசனை நெடுங்காலமாகப் பேசப்படுவது. அதனை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் பயன்படும் நீர்த்தேக்கம் நிறைந்திருக்க விரும்பும். வெள்ளந் தாங்கும் நீர்த்தேக்கமோ மழைக்குமுன் வெறுமையாயிருத்தல் வேண்டும். களனி கங்கையின் மேற்பகுதியில் லக்ஷபான, கனியன் முதலிய நீர்த்தேக்கங்கள் நிறைந்து வான்கதவுகள் திறக்கப்படுந்தோறும் கித்துல்கலை, யட்டியாந்தோட்டை வாசிகளுக்கு எச்சரிக்கை விடப்படுவது இம்முரண்பாட்டின் விளைவே. அன்றியும், அணையாற் பள்ளத்தாக்கின் எப்பகுதி மூழ்கினாலும், 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் நட்டஈட்டு முறை நிலத்தில் உரித்து உடையோரையே முதன்மையாக நோக்கும். ஆகவே அணைக்கு அளவுகோல் பிடிக்குமுன், நீரேந்துபிரதேசத்து லயன்களில் வசிப்போரின் பெயர்ப்பட்டியல் தயாராகி, அவர்களுக்குரிய நிலம் உறுதிப்பத்திரத்தோடு ஒதுக்கப்படல் வேண்டும். அது நடவாதவரை மல்வலை அணை, பட்டினத்தின் அபாயத்தைத் தோட்டத்தார் தலைமேல் மாற்றிவைக்கும் ஒரு நிர்மாணமாகவே இருக்கும்.